கோப்பின் பெயரில் தமிழ் வந்தால் ஷெல் ஏன் தடுமாறுகிறது: பைட்டிலிருந்து பழுது பார்க்கும் வழிகாட்டி

பிரிவு-அ, பிரிவு-ஆ, பிரிவு-இ என்று மூன்று ஃபோல்டர்கள். இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று ஆ-வையும் இ-யையும் ஒழுங்காக நகலெடுத்துவிட்டு, அ-வை மட்டும் ‘அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை’ என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஃபோல்டர் கண் முன்னால்தான் இருந்தது. அனுமதிகளைப் பார்த்தேன், வட்டைச் சோதித்தேன், ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, குற்றவாளி அ என்ற எழுத்தின் மூன்றாவது பைட். அது எப்படி என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசைதான் இந்த வழிகாட்டி.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளின் பெயர்களை வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன்: எல்எஸ் (பட்டியலிடுவது), எம்வி (பெயர் மாற்றுவது), ஃபைண்ட் (தேடுவது) என்று. டெர்மினலில் தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பைட் மதிப்புகளை ஆக்டல் எண்களில், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில் தருகிறேன். எல்எஸ், பாஷ் என்ற ஷெல், கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி எல்லாமே அடையாளம் புரியாத பைட்டுகளை அப்படித்தான் காட்டும் என்பதால் அதையே கண்ணுக்குப் பழக்குவது நல்லது.

கெர்னலுக்குத் தமிழ் தெரியாது

லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையத்துக்கு, கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். இரண்டே இரண்டு பைட்டுகளுக்கு மட்டும் அதில் இடமில்லை: சுழியம், அப்புறம் பாதைகளைப் பிரிக்கும் சாய்கோடு. மற்ற எதுவும் வரலாம். புதுவரிகூட வரலாம். அந்தப் பைட்டுகளை ‘இது தமிழ்’ என்று படிப்பது மேலே இருக்கிறவர்கள் வேலை. ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், ஒரு மாதிரி படிக்கும், எல்எஸ் போன்ற கருவி இன்னொரு மாதிரி படிக்கும், டெர்மினல் தன் பங்குக்குப் படித்து எழுத்துருவிடம் கொடுக்கும். எல்லோரும் ஒரே மாதிரி படித்தால் நமக்கு எதுவும் தெரியாது. ஒருவர் மாற்றிப் படித்தால் அன்றைக்குச் சண்டை. ஆகவே பழுது பார்ப்பது என்றால் யார் தப்பாகப் படித்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான்.

எழுத்துகளைப் பைட்டுகளாக எழுத இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தார்கள். அதில் ஷெல்காரர்களுக்கான ஒரு பெரிய உபகாரம் இருக்கிறது: பல பைட் கொண்ட எழுத்தின் எந்தப் பைட்டும் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கான பழைய அட்டவணை) எல்லைக்குள் விழாது. எனவே ஓர் எழுத்தின் நடுவில் சாய்கோடோ மேற்கோள் குறியோ ஒளிந்திருக்க வழியில்லை. ஜப்பானியர்கள் பயன்படுத்திய ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் இந்தக் காப்பு கிடையாது. கட்டகானாவின் ‘ஸோ’ எழுத்துக்கு இரண்டாவது பைட் 134, அதாவது பின்சாய்கோடு. ஷெல் அதை எஸ்கேப் குறி என்று நினைத்து விழுங்கிவிட்டால் கோப்பு காணாமல் போகும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் தொல்லைகள் வேறு.

தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதலாவது எப்போதும் 340. இரண்டாவது 256 அல்லது 257. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: கை வைக்காமல் பைட்டைப் பாருங்கள்

கோப்பின் பெயர் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிந்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் காரியம் மறுபெயரிடுவது. அதைச் செய்யாதீர்கள். பெயர் நல்லபடியாக இருந்து காட்டுபவர் மட்டும் தப்பு செய்தால், நீங்கள் நல்ல பெயரைக் கெடுத்துவிட்டுப் போவீர்கள்.

எல்எஸ் கட்டளைக்குச் சின்ன ‘பி’ கொடியை, அதாவது இணைப்புக்கோடு போட்டுத் தரும் தெரிவை, கொடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. லொக்கேல் (மொழி, எழுத்து முறை பற்றிய அமைப்பு) சரியாக இருந்தால் தமிழைத் தமிழாகவே காட்டிவிடும், பைட் தெரியாது. அதனால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் லொக்கேலை வேண்டுமென்றே இறக்கிவிட வேண்டும்:

எல்சி_ஆல்=சி எல்எஸ் -பி

இப்போது அ என்ற பெயருள்ள கோப்பு \340\256\205 என்று வரும். குனு கோர்யூட்டில்ஸ் 8.25-இலிருந்து, அதாவது 2016-இலிருந்து, எல்எஸ் டெர்மினலில் காட்டும்போது தானாகவே மேற்கோளிட்டும் காட்டுகிறது. டாலர் குறி, ஒற்றை மேற்கோள், உள்ளே பின்சாய்கோடும் எண்களும் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்தத் துண்டை அப்படியே நகலெடுத்து பாஷில் ஒட்டினால் அதே கோப்பைச் சுட்டும். பலருக்கு இது தெரியாமல் ‘பெயரில் டாலர் எப்படி வந்தது’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒற்றைப் பெயரைத் துருவ வேண்டுமென்றால் அதைப் பிரிண்ட்எஃப் வழியாக ஓடி என்ற ஆக்டல் டம்ப் கட்டளைக்குப் பைப்பில் அனுப்புங்கள். எக்கோ வேண்டாம், அது கடைசியில் 012 என்ற புதுவரியைச் சேர்த்துவிடும், நீங்கள் அதைப் பெயரின் பகுதி என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

படி 2: பைட்டின் முகத்தைப் படியுங்கள்

340 256, 340 257 என்று மூன்று மூன்றாக ஒழுங்காக வந்தால் பெயர் ஆரோக்கியமான தமிழ். கோளாறு லொக்கேலில், டெர்மினலில், அல்லது எழுத்துருவில். கோப்பைத் தொடாமல் படி 3-க்குப் போங்கள்.

303 240 302 256 என்று ஆரம்பித்தால் அது இரட்டை வேடம். ஏற்கெனவே யூடிஎஃப்-8-ஆக இருந்ததை யாரோ லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஒற்றை பைட் முறை) என்று எண்ணி மறுபடி யூடிஎஃப்-8-க்கு மாற்றியிருக்கிறார்கள். திரையில் இது தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ‘ஏ’யும் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியுமாக மாறி மாறி வரும். இணையத்தில் தமிழ் படிப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்த முகம் அது. பெரும்பாலும் மீட்கலாம்.

340 ஒன்றுகூட இல்லாமல் 200-க்கு மேற்பட்ட பைட்டுகள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால் அது யூனிகோடுக்கு முந்திய ஒற்றை பைட் முறை. தமிழில் டிஸ்கி போன்றவை. முறை எதுவென்று தெரிந்தால் மாற்றிவிடலாம்.

077 என்ற நிஜமான கேள்விக்குறியோ, 357 277 275 என்ற மூன்று பைட்டோ திரும்பத் திரும்ப வந்தால் கதை முடிந்தது. பின்னது ‘இங்கே ஏதோ இருந்தது, எனக்குப் புரியவில்லை’ என்று ஒரு நிரல் வைத்துவிட்டுப் போன மாற்றுக்குறி. அசல் பைட்டுகள் போய்விட்டன. பெயரைத் திருப்பிக் கொண்டுவர முயன்று நேரத்தை வீணாக்காமல் கோப்பைத் திறந்து பார்த்துப் புதுப்பெயர் வையுங்கள்.

படி 3: லொக்கேல்

லொக்கேல் என்ற கட்டளையைத் தனியாக ஓட்டினால் நடப்பிலிருக்கும் அமைப்புகள் வரும். எல்சி_ஆல் என்ற சூழல் மாறி இருந்தால் அதன் சொல்தான் சட்டம். இல்லாவிட்டால் எழுத்து விஷயத்தில் எல்சி_சிடைப் பேசும். அதுவும் இல்லாவிட்டால் லாங். ‘லாங்கைச் சரியாகத்தானே வைத்தேன்’ என்று புலம்புகிறவர்களில் பலர் வேறெங்கோ எல்சி_ஆலைச் சி என்று வைத்திருப்பார்கள்.

லொக்கேலுக்கு ‘சார்மேப்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ஒரே வரியில் விடை. யூடிஎஃப்-8 என்றால் நல்லது. ஏஎன்எஸ்ஐ_எக்ஸ்3.4-1968 என்று ஏதோ தொல்பொருள் பெயர் வந்தால் அதற்கு அர்த்தம் வெறும் ஆஸ்கி. நீங்கள் சி லொக்கேலில் இருக்கிறீர்கள்.

எனக்குப் பிடித்த சோதனை இன்னும் எளிது. ஒரு வெற்று ஃபோல்டரில் அ என்று ஒரு கோப்பை உருவாக்கி, எக்கோ போட்டுப் பக்கத்தில் ஒற்றைக் கேள்விக்குறி. கேள்விக்குறிக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். லொக்கேல் சரியாக இருந்தால் அ வரும். சி லொக்கேலில் பாஷுக்கு அ என்பது மூன்று எழுத்து. பொருந்தும் கோப்பு கிடைக்காமல் கேள்விக்குறியையே திருப்பித் தரும். மூன்று கேள்விக்குறி போட்டால் அ வரும்! இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் லொக்கேல் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் மட்டும் சொதப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். உங்கள் லாகின் ஷெல்லின் லொக்கேல் கிரானுக்குப் போவது உறுதியில்லை. கண்டெய்னர் இமேஜ்கள் பலவற்றிலும் லாங் வெறுமையாகவே இருக்கும். ஸ்கிரிப்டின் தலையிலேயே எல்சி_ஆலுக்குச் சி.யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். குனு சி நூலகத்தில் 2022-இல் வந்த 2.35 பதிப்பிலிருந்து அது அதிகாரபூர்வமாகவே உண்டு. டெபியன் குடும்பத்தில் அதற்கு முன்பே இருந்தது. நிறுவப்படாத லொக்கேலின் பெயரை வைத்தால் பெரும்பாலான நிரல்கள் ஒன்றும் சொல்லாமல் சி-க்குச் சரிந்துவிடும். ஆகவே வைப்பதற்கு முன் லொக்கேலுக்கு ‘ஏ’ கொடி கொடுத்துப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: ஒரே பெயரில் இரண்டு கோப்பு

எல்எஸ் போட்டால் ‘கொடி’ என்று இரண்டு கோப்புகள். ஒன்றைத் தட்டினால் திறக்கிறது, மற்றது எவ்வளவு தட்டினாலும் சிக்குவதில்லை. டேப் விசை அடித்தாலும் ஒன்று மட்டும்தான் நிரம்புகிறது.

கொ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியைச் சேர்த்தால் 340 256 225 340 257 212, ஆக 6 பைட். க, எகரக் கொம்பு, பிறகு கால் என்று பிரித்து எழுதினால் 340 256 225 340 257 206 340 256 276, ஆக 9 பைட். திரையில் துளியும் வித்தியாசம் இல்லை. முன்னது சேர்ந்த வடிவம், பின்னது பிரிந்த வடிவம். யூனிகோட் தரம் இரண்டும் சமம் என்கிறது. ஆனால் லினக்ஸில் வழக்கமாக நாம் பயன்படுத்தும் கோப்பு முறைமைகள் பைட்டை மட்டும்தான் ஒப்பிடும், அதனால் அவற்றுக்கு இது இரண்டு பெயர். கோ, கௌ, தனி எழுத்தான ஔ ஆகியவற்றுக்கும் இதே கதை. கி, கு, கெ போன்றவற்றுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மேக்கிலிருந்து. பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எல்லாப் பெயரையும் பிரித்தே சேமித்தது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது, ஆனாலும் இரண்டையும் ஒரே கோப்பாகவே பார்க்கிறது. ஆகவே மேக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. லினக்ஸ் சர்வருக்கு வந்த பிறகுதான் இரட்டையர் வெளிப்படுவார்கள்.

சரி, தீர்வு. கன்வ்எம்வி என்ற கருவி ஃபோல்டர் முழுவதும் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும்; அதற்கு --என்எஃப்சி என்ற தெரிவு. அந்தக் கருவியின் நல்ல குணம், ‘நோடெஸ்ட்’ என்று நீங்கள் தெளிவாகச் சொல்லும்வரை எதையும் மாற்றாது, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். அந்தப் பட்டியலை நிஜமாகவே படியுங்கள். இரட்டையர் இருவரும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் மாற்றிய பிறகு மோதுவார்கள், எது புதியது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஹெச்எஃப்எஸ் பிளஸ் மேக்கிலிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க் என்ற நகல் கருவியால் அனுப்புகிறீர்கள் என்றால், --ஐகான்வ் தெரிவில் முதலில் யூடிஎஃப்-8-மேக், காற்புள்ளி, அப்புறம் யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிட்டால் வழியிலேயே மாறிவிடும்.

இந்த முறையால் தீராத இரட்டையரும் தமிழில் உண்டு. ஸ்ரீ என்பதை ஸ-வில் ஆரம்பித்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் ஆரம்பித்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒன்றில் மூன்றாவது பைட் 270, மற்றதில் 266. இவை சமம் என்று யூனிகோட் சொல்லவில்லை, எனவே எந்த மாற்றியும் தானாக ஒன்றாக்காது. ஒள என்று ஒ-வையும் ள-வையும் தட்டி ஔ-வாக நினைத்துக்கொள்வதும் இதே ரகம். அப்புறம் க்ஷ சேராமல் இருக்கச் சில விசைப்பலகைகள் நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத பிரிப்பான்: 342 200 214. இவற்றையெல்லாம் பைட்டைப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

படி 5: நடுவில் வெட்டும் கருவிகள்

ஷெல்லும் லொக்கேலும் சரியாக இருந்தும் பைப்பின் நடுவில் ஒரு கருவி எழுத்தை வெட்டிவிடும். இதில் முதல் பரிசு, எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் பயன்படும் குனு டிஆர் கட்டளைக்கு. அது பைட் பைட்டாகவே வேலை செய்யும். பெயரிலிருந்து அ-வை மட்டும் நீக்கலாம் என்று டிஆருக்கு ‘டி’ கொடியும் அ-வும் கொடுத்து, ‘அம்மா’ என்ற சொல்லை உள்ளே அனுப்பிப் பாருங்கள். அம்மா 15 பைட். டிஆர் உங்கள் கட்டளையை ‘340, 256, 205 ஆகிய மூன்று பைட்டுகளையும் எங்கே கண்டாலும் நீக்கு’ என்று புரிந்துகொள்ளும். மிஞ்சுவது 257 215 276, மூன்றே மூன்று பைட்; அதில் ஓர் எழுத்துகூடத் தேறாது. ஓர் எழுத்தைக் கேட்டோம், சொல்லே போய்விட்டது. இந்த மாதிரி வேலைக்கு லொக்கேல் அறிந்த செட் (ஸ்ட்ரீம் எடிட்டர்) கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

பாஷின் பிரிண்ட்எஃப் அகலத்தைப் பைட்டில் கணக்கிடும், அதனால் பட்டியல் நெளியும். அது அழகுப் பிரச்சினை, விட்டுவிடலாம்.

இப்போது பிரிவு-அ. அந்த ஸ்கிரிப்ட் பைத்தானில் இருந்தது. ஃபோல்டர் பட்டியல் ஒரு கோப்பில் வரி வரியாக இருக்கும். ஸ்கிரிப்ட் அதை லத்தீன்-1 என்று படிக்கும். எழுதியவர் அப்படி வைத்ததற்குக் காரணம் இருந்தது: லத்தீன்-1 எந்தப் பைட்டையும் மறுக்காது, பிழை வராது, திரும்ப எழுதினால் அதே பைட் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் படித்தபின் கடைசிப் புதுவரியைக் கழிக்க ‘ஸ்டிரிப்’ போட்டிருந்தார். ஸ்டிரிப் ஓரத்திலுள்ள எல்லா வெற்றிடங்களையும் கழிக்கும். லத்தீன்-1-இல் 205 என்ற இடம் ‘அடுத்த வரி’ என்ற கட்டுப்பாட்டுக் குறி. பைத்தானுக்கு அது வெற்றிடம். அ என்ற எழுத்தின் பைட்டுகள் 340 256 205. புதுவரியோடு சேர்ந்து 205-உம் போயிற்று. மிஞ்சிய 340 256 என்று முடியும் ஃபோல்டர் எங்கே இருக்கப் போகிறது? ஆ-வின் கடைசிப் பைட் 206, இ-யினுடையது 207. அவை வெற்றிடம் இல்லை, அதனால் தப்பித்தன.

யூனிகோடின் தமிழ்ப் பகுதி முழுவதையும் பார்த்தால் 205-இல் முடிகிற எழுத்து அ ஒன்றுதான். மொழியின் முதல் எழுத்துக்கே இந்தக் கதி! இது பைத்தானோடு முடிகிற விஷயமும் இல்லை. மேக்கில் யூடிஎஃப்-8 லொக்கேலில் இருக்கும்போது சி மொழியின் ‘ஐஸ்பேஸ்’ 205 என்ற பைட்டை வெற்றிடம் என்றே சொல்லும். பைட் பைட்டாகப் பார்த்து வார்த்தை பிரிக்கும் எந்தச் சி நிரலும் அங்கே அ-வை இரண்டாகப் பிளக்கலாம்.

திருத்தம் சின்னது. யூடிஎஃப்-8 என்று படிக்கச் சொல்லி, பிழை கையாளும் முறையாகச் ‘சரோகேட்எஸ்கேப்’ கொடுத்தேன். பைத்தான் 3.1-இலிருந்து உள்ள இந்த வசதி, உடைந்த பைட்டுகளையும் பத்திரமாகச் சுமந்துபோய்த் திருப்பித் தரும். ஸ்டிரிப்புக்குப் பதிலாகக் கடைசிப் புதுவரியை மட்டும் நீக்கச் சொன்னேன். அன்றிரவே மூன்று ஃபோல்டரும் நகலாகின.

படி 6: தட்டவே முடியாத பெயரை மாற்றுவது, அழிப்பது

எல்எஸ்ஸுக்கு ‘ஐ’ கொடி கொடுத்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஐநோட் எண், அதாவது கோப்பு முறைமை கோப்புக்குக் கொடுத்த அடையாள எண், வரும். அந்த எண்ணை ஃபைண்ட் கட்டளையின் -ஐநம் தெரிவுக்குக் கொடுங்கள். முதலில் அச்சிட மட்டும் சொல்லி, ஒரே ஒரு கோப்பு வருகிறதா என்று பாருங்கள். பிறகு -எக்ஸெக் வைத்து எம்வி அல்லது ஆர்எம், ‘ஐ’ கொடியோடு, கேட்டுக் கேட்டுச் செய்யட்டும். ஹார்டு லிங்க் இருந்தால் ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் வரும். அதற்காகத்தான் முதலில் அச்சிடச் சொன்னேன். ஃபைண்டை அதே ஃபோல்டருக்குள், அதே வட்டுப் பகுதிக்குள் கட்டிப்போடுவதும் அவசியம். வேறு வட்டில் அதே எண் வேறு கோப்பாக இருக்கும்.

படி 7: ஸ்கிரிப்டை உடையாமல் எழுதுவது

மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், எல்எஸ் காட்டும் பட்டியலை லூப்பில் விடாதீர்கள் என்பது பழைய உபதேசம், தெரிந்திருப்பீர்கள். பெயர்களைப் பிரிக்கச் சுழியப் பைட்டைப் பயன்படுத்துங்கள்: ஃபைண்டுக்கு -பிரிண்ட்0, எக்ஸ்ஆர்க்ஸுக்கு -0. இவை நீண்ட காலம் குனு, பிஎஸ்டி கருவிகளின் சொந்த வசதியாக இருந்து, யூனிக்ஸ் கருவிகளுக்காக 2024-இல் வந்த போசிக்ஸ் தரத்தில் இடம்பிடித்துவிட்டன. இனித் தயங்க வேண்டியதில்லை.

பலரும் அறியாத பொறி ஒன்று இருக்கிறது. யூடிஎஃப்-8 லொக்கேலில் குனு ஃபைண்டிடம் -நேம் கொடுத்து நட்சத்திரக் குறியோடு தேடினால், யூடிஎஃப்-8-ஆகச் செல்லாத பைட்டு உள்ள பெயர்கள் பொருந்தாமல் போகலாம். நட்சத்திரம் என்றால் ‘எதுவாக இருந்தாலும்’ என்றுதானே நினைப்போம்? அதற்கு அது ‘எந்த எழுத்தாக இருந்தாலும்’; உடைந்த பைட் எழுத்தே இல்லை. பழைய டிஸ்கி பெயருள்ள கோப்புகள் பேக்கப்பில் விடுபட இது ஒன்று போதும். அந்த ஃபைண்டுக்கு மட்டும் முன்னால் எல்சி_ஆல்=சி போடுங்கள். படி 3-இல் சி-யைத் திட்டிவிட்டு இங்கே அதையே சிபாரிசு செய்கிறேனே என்றால், ஆமாம். எழுத்தாகப் பார்க்க வேண்டிய இடத்தில் யூடிஎஃப்-8, எல்லாப் பெயரையும் தவறாமல் அள்ள வேண்டிய இடத்தில் சி. வரிசைப்படுத்தி ஒப்பிடும் சார்ட், காம், ஜாயின் வேலைகளுக்கும் சி-தான் நல்லது. எந்த இயந்திரத்தில் ஓடினாலும் ஒரே வரிசை கிடைக்கும். அது அகர வரிசையாக இருக்காது, ஒப்பிட அது தேவையும் இல்லை.

நீளத்தையும் கவனியுங்கள். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழில் அது 85 குறிகள்தான், அதில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ‘தமிழ்’ என்பதே 5 குறி, 15 பைட். நீண்ட கட்டுரைத் தலைப்பைக் கோப்பின் பெயராக வைத்திருப்பவர்களுக்கு, ஸ்கிரிப்ட் வாலில் தேதி சேர்க்கும் நாளில்தான் ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழை வரும். சுருக்க வேண்டி வந்தால் பைட் கணக்கில் வெட்டாதீர்கள், எழுத்தின் நடுவில் கத்தி விழும்.

படி 8: ஜிப்பும் இரட்டை வேடமும்

ஜிப் கோப்பின் உள்ளே பெயர் யூடிஎஃப்-8-தான் என்று சொல்ல ஒரு பிட் உண்டு. அதை வைக்காமல் ஒரு நிரல் சுருக்கினால், விரிக்கும் நிரல் பழைய ஐபிஎம் 437 அட்டவணையாக எடுத்துக்கொள்ளும். தமிழ் கிரேக்க எழுத்தும் கோடுகளுமாக வரும். விரிக்கும்போதே எழுத்து முறையைச் சொல்ல வசதியுள்ள நிரலால் மறுபடி விரிப்பதுதான் சுலபம், விரித்த பிறகு திருத்துவது வீண் வேலை.

படி 2-இல் பார்த்த இரட்டை வேடத்துக்கு, கன்வ்எம்வியில் --ஃபிக்ஸ்டபுள் என்ற தெரிவு இருக்கிறது. யாரோ லத்தீன்-1-க்குப் பதிலாக விண்டோஸ் 1252 வழியாக மாற்றியிருந்தால்தான் சிக்கல். அந்த அட்டவணையில் 201, 215, 217, 220, 235 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் உகரக் குறி 201-இல் முடிகிறது. புள்ளி 215-இல். ஏ 217-இல், ஐ 220-இல். மற்ற எழுத்துகள் போய்த் திரும்பி வந்துவிடும். கண்டிப்பான நிரலாக இருந்தால் இந்த நான்கும் வழியிலேயே விழுந்துவிடும். புள்ளியும் உகரமும் இல்லாமல் எத்தனை தமிழ்ச் சொல் மிஞ்சும்? மெய்கள் எல்லாம் புள்ளி இழந்து பல்லிளிக்கும் பெயர்களைக் கண்டால் 1252-ஐச் சந்தேகியுங்கள். புள்ளி எங்கே வர வேண்டும் என்று நமக்குத் தெரியும் என்பதால் கையால் திருத்திவிடலாம். இயந்திரத்தால் முடியாது.

விண்டோஸும் கிட்டும்

விண்டோஸில் என்டிஎஃப்எஸ் பெயர்களை யூடிஎஃப்-16-இல் வைக்கிறது, அங்கே குறையில்லை. குறை பழைய நிரல்களில். விண்டோஸில் தமிழுக்கு ஏஎன்எஸ்ஐ கோடுபக்கம் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்து அட்டவணை) என்று ஒன்று கிடையவே கிடையாது, தமிழ் அங்கே பிறந்ததே யூனிகோடில்தான். ஆகவே பழைய முறை நிரலிடம் தமிழ்ப் பெயர் போனால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி ஆகும். அந்தக் கேள்விக்குறி சிஎம்டியில் வைல்டுகார்டும் ஆயிற்றே! ஒரு நிரல் அப்படி மாற்றிய பெயர்களின் பட்டியலை டெல் கட்டளையிடம் கொடுத்தால், அதே நீளமுள்ள வேறு கோப்புகளும் சேர்ந்து அழியும். கேள்விக்குறி உள்ள பட்டியலை அழிக்கும் கட்டளைக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

கன்சோலில் சிஹெச்சிபி 65001 என்று தட்டினால் யூடிஎஃப்-8-க்கு மாறும். பேட்ச் கோப்பை பிஓஎம் (கோப்பின் தலையில் வரும் யூனிகோட் அடையாளப் பைட்டுகள்) இல்லாமல் சேமியுங்கள், இருந்தால் முதல் வரி பிழையாகும். பவர்ஷெல் 5.1-க்கோ தலைகீழ்: பிஓஎம் இல்லாவிட்டால் ஸ்கிரிப்டிலுள்ள தமிழை ஏஎன்எஸ்ஐ என்று படித்துக் குதறும். ஒரே இயந்திரத்தில் இப்படி இரண்டு சட்டம். பவர்ஷெல் 6-க்கு மேல் போய்விட்டால் பிஓஎம் தேவையில்லை.

கிட் ஸ்டேட்டஸில் தமிழ்ப் பெயர்கள் ஆக்டலாக வருவது பிழையே அல்ல. கோர்.குவோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழாக வரும்.

கடைசிப் படி: சோதனை ஃபோல்டர்

எந்த ஸ்கிரிப்டையும் நிஜக் கோப்புகளில் விடுவதற்கு முன் நான் ஓட்டிப் பார்க்கும் ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. டாலர், ஒற்றை மேற்கோள், ஆக்டல் என்ற பாஷ் முறையில் நீங்களும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். உள்ளே: அ-வில் முடியும் ஃபோல்டர், கொ-வின் இரண்டு வடிவத்திலும் ‘கொடி’, இரண்டு ஸ்ரீ, 302 240 என்ற உடையா வெற்றிடத்தில் முடியும் ஒரு பெயர், நடுவில் புதுவரி உள்ளது ஒன்று, இணைப்புக்கோட்டில் தொடங்குவது ஒன்று, நான்கு பைட் கொண்ட எமோஜி ஒன்று, தமிழில் சரியாக 85 குறி நீளமுள்ள பெயர், யூடிஎஃப்-8-இல் எங்குமே செல்லாத 377 என்ற பைட் உள்ள பெயர். மொத்தம் 11.

ஸ்கிரிப்டை ஓட்டியபின் போன பக்கத்திலும் வந்த பக்கத்திலும் ஃபைண்டுக்கு -மின்டெப்த் 1 (சோதனை ஃபோல்டரையே எண்ணாமலிருக்க), -பிரிண்ட்0 போட்டு, வெளியீட்டில் உள்ள சுழியப் பைட்டுகளை எண்ணுங்கள். 10 என்று வந்தால் முதலில் கொடி இரட்டையரைப் பாருங்கள். ஒன்று மற்றதன் மேல் எழுதப்பட்டிருக்கும். 377 காணாமல் போயிருந்தால் ஃபைண்டின் நட்சத்திரம். அ மட்டும் இல்லையென்றால், எங்கோ ஒரு ஸ்டிரிப் ஒளிந்திருக்கிறது.